ஆம்பூரில் நான் கண்டுபிடித்துக் கொடுத்த தலைவி

ஆம்பூருக்குப் போகிறேன் என்று போன மாதம் எழுதியதும் பின்னூட்டத்தில் பாதிப் பேர் கேட்டது பிரியாணிக் கடையின் பெயரைத்தான். பிரியாணி சாப்பிட்டேன். நன்றாகவும் இருந்தது. ஆனால் இந்தப் பதிவை மூன்று வாரமாக எழுதாமல் தள்ளிப்போட்டதற்கே அந்தப் பிரியாணிதான் காரணம். எழுத உட்கார்ந்தால் வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

நான் மொழிபெயர்ப்பாளர். ஊர் சுற்றுவதும் எழுதுவதும் சொந்த ஆசை, சோறு போடுவது மொழிபெயர்ப்பு. டிசம்பர் இரண்டாம் வாரம் புனேயிலிருந்து சுனந்தா என்ற பேராசிரியர் கூப்பிட்டார். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஒரு வாரம் ஆராய்ச்சி, பெண்களோடு பேசத் தமிழ் தெரிந்த பெண் துணை வேண்டும் என்றார். தோல் தொழில் நடக்கிற ஊர்களையெல்லாம் ஓசியில் சுற்றிப் பார்க்கலாம் என்று உடனே சரி சொன்னேன்.

சுனந்தாவின் துறை பரிணாம உளவியல். பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம். மனிதர்கள் சின்னச் சின்னக் கூட்டமாகக் காட்டில் அலைந்த காலத்தில் மனதில் படிந்த பழக்கங்கள் இன்று ஆபீஸிலும் தெருவிலும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பது. அவர் கேள்வி ஒன்றுதான்: நாம் யார் பின்னால் போகிறோம், ஏன் போகிறோம்? சிலர் பின்னால் பயத்தில் போகிறோம், சிலர் பின்னால் மதிப்பில் போகிறோம். மதிப்பில் வந்த தலைவருக்குப் பதவி இருக்காது, நாற்காலி இருக்காது. அவரைக் கண்டுபிடிக்க ஒரு வழி, கூட்டத்தில் ஒரு கேள்வி விழுந்தவுடன் மற்றவர்கள் கண் யார் முகத்துக்குப் போகிறது என்று கவனிப்பது. ஒரே கிராமத்திலிருந்து ஒரே வேனில் வந்து, ஒரே லைனில் பல வருடமாக உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கிற பெண்களைவிட அதற்குப் பொருத்தமான கூட்டம் கிடைக்காது என்றார்.

ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். உள்ளே பார்ப்பதையும் கேட்பதையும் கம்பெனியில் யாரிடமும் சொல்லக் கூடாது. இதெல்லாம் எனக்குச் சொல்ல வேண்டுமா என்கிற மாதிரி தலையாட்டினேன்.

வியாழக்கிழமை காலை சென்னை சென்ட்ரலிலிருந்து காட்பாடிக்கு ரயில். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சுனந்தா முன்பே வந்து வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு மாடியறை பிடித்திருந்தார். காட்பாடி ஸ்டேஷனிலிருந்து அங்கே போக ஆட்டோக்காரர் 280 கேட்டு 250-க்கு வந்தார். ஆம்பூரிலேயே தங்கலாமே என்று கேட்பீர்கள். தங்கலாம், லாட்ஜ்கள் இருக்கின்றன. ஆனால் காற்று திரும்பினால் தோல் பதனிடுகிற ஷாப்களின் நாற்றம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், புதிதாக வருகிறவர்களுக்கு முதல் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது.

வெள்ளிக்கிழமை காலை வேலூர் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ். ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் ஐம்பது ரூபாய்க்குப் பக்கம். பெண்களுக்கு இலவசம் டவுன் பஸ்ஸில்தான், இதில் இல்லை. பள்ளிகொண்டா தாண்டினால் இடது பக்கம் மலைகள் கூடவே வரும். பாலாற்றில் அதிசயமாகக் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. கண்டக்டர், "போட்டோ எடுத்துக்கங்க மேடம், அடுத்த தடவ வர்றப்ப மணல்தான் இருக்கும்" என்றார்.

கம்பெனி நான் நினைத்ததைவிடப் பெரியது. ஒரு ஹாலில் மட்டும் நானூறு பேர் இருப்பார்கள். தையல் மெஷின் சத்தத்தில் பக்கத்திலிருப்பவரிடம் பேச வாயை விடக் கண்தான் அதிகம் உதவும். எங்களுக்குக் கொடுத்தது ஒரே வேனில் வருகிற பதினெட்டுப் பெண்கள். மாதனூர்ப் பக்கம் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஒரு கிராமம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. பெண்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

சுனந்தா ஒரு விளையாட்டு வைத்தார். ஏரி உடைந்து தண்ணீர் வருகிறது, பத்துப் பொருளில் மூன்றைத்தான் எடுத்துப் போகலாம், எந்த மூன்று? ஒன்பது ஒன்பது பேராகக் கூடிப் பேசி முடிவு சொல்ல வேண்டும். கயிறா, அரிசியா, ரேஷன் கார்டா என்று ஒரே அமர்க்களம். ரேஷன் கார்டை விட்டு வர ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. முடிவானதும், இதை யார் முடிவு செய்தது என்று சுனந்தா கேட்க, நான் தமிழில் கேட்டேன்.

"எல்லாரும்தான் மேடம்."

"முதல்ல யார் சொன்னாங்க?"

"எல்லாரும்தான்."

எப்படித் திருப்பிக் கேட்டாலும் அதே பதில். ஆனால் நான் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு பொருள் பேச்சு வரும்போதும் எட்டு ஜோடிக் கண்களும் ஒரு நொடி எஸ்தர் அக்கா என்ற ஒருவர் பக்கம் போய்த் திரும்பின. நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பேசவே இல்லை. கயிறு என்றபோது லேசாகத் தலையசைத்தார், கயிறு முடிவாகிவிட்டது. சுனந்தாவுக்கு முன்பே நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சுனந்தா சிரித்து, "நல்ல கண் உனக்கு" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அன்று மாலை அவர்கள் வேனிலேயே போனேன். ஆறே முக்காலுக்குக் கிளம்பியது. பதினெட்டுப் பேருக்குப் பதிமூன்று சீட். மடியில் ஒருத்தி, இன்ஜின் பெட்டி மேல் ஒருத்தி. என் மடியில் யாருடையதோ சாப்பாட்டுப் பை. இருபத்திரண்டு வயது கோமதி என் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காததையெல்லாம் சொன்னாள். வேன் முன்பு ஊருக்குள் தண்ணீர் டேங்க் வரை போகுமாம். கோடைக்குப் பிறகு வேன் கான்ட்ராக்ட் வேறு ஆளுக்குப் போனதும், ரோடு சரியில்லை என்று நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிடுகிறார்களாம். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தென்னந்தோப்பு நடுவே இருட்டில் நடை. பைக்கில் வருகிற பையன்கள் பின்னாலேயே மெதுவாக வருவது வேறு.

"எங்கப்பா பொங்கலுக்கு அப்புறம் வேலைக்கே போக வேணாம்னுட்டாரு" என்றாள். "அதான் வர்ற திங்கக்கிழமை மேனேஜர்கிட்ட கேக்கப் போறோம். இந்த தடவ பேசறது என் முறை."

"முறைன்னா?"

"ஒவ்வொரு தடவயும் ஒருத்தர் பேசுவோம் மேடம். போன தடவ பாத்ரூம் தாப்பாவுக்கு வள்ளியக்கா பேசினாங்க. ஒரே ஆளு ரெண்டு தடவ பேசினா அந்தப் பேரு மேல போய்டும். அப்புறம் அந்த ஆளு எங்க கூட இருக்க முடியாது."

யார் என்ன பேசுவது என்று சொல்லிக் கொடுப்பது யார் என்று கேட்டேன். கோமதியின் கண் முன் சீட்டுக்குப் போனது. அங்கே எஸ்தர் அக்கா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிற மாதிரி இருந்தார். ஆக இது அவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கிற ஏற்பாடு. அதை இவ்வளவு தெளிவாக ஒரு சின்னப் பெண் எனக்குச் சொல்லியிருக்கிறாள். நான் அதை ஒரு சுவாரசியமான செய்தியாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. சுனந்தாவுக்கு வயிறு சரியில்லை, சத்துவாச்சாரியிலேயே இருந்துவிட்டார். விளையாட்டுக்கு வைத்த பொருள்களை எடுத்துவர நான் மட்டும் போனேன். கம்பெனி மேனேஜர் நல்ல மனிதர், மரியாதையாகப் பேசுவார். ஆம்பூர் வந்து பிரியாணி சாப்பிடாமல் போவதா என்று பார்சல் வரவழைத்தார். கேன்டீனை ஒட்டி அவருக்கு ஒரு கண்ணாடி அறை. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டோம். சீரகச் சம்பா அரிசி, எலும்பிலிருந்து தானே கழன்று வருகிற கறி, புளிப்பாகக் கத்திரிக்காய். ஒரு பிரியாணி 240 ரூபாய் என்று அவர் சொல்லித் தெரியும்.

"எங்க பொண்ணுங்க எப்படி மேடம்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அவர் தூண்டில் போடவில்லை, நானே கரையேறி வந்தேன். இரண்டு நாளில் நான் எவ்வளவு கண்டுபிடித்துவிட்டேன் என்று யாரிடமாவது காட்ட வேண்டியிருந்தது. உங்கள் லைனில் சூப்பர்வைசர் சொல்வது ஒன்று, உண்மையில் நடப்பது எஸ்தர் அக்கா தலையசைப்பில் என்றேன். அவர் கை தட்டில் நின்றது.

"அந்தம்மாவா? வாயே தொறக்காதே."

"அதுதான் சார் விஷயமே" என்றேன். இயற்கையான தலைமை, மதிப்பால் வருவது, ஆதி மனிதர் காலத்திலிருந்தே இப்படித்தான் என்று சுனந்தாவிடம் கேட்டதையெல்லாம் என் சரக்கு போல எடுத்துவிட்டேன். வேன் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அதற்காக எனக்கு நானே நல்ல பெயர் கொடுத்துக்கொண்டேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொருத்தியைக் கெடுத்தேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் போனபோது எஸ்தர் அக்காவின் மெஷினில் வேறு யாரோ. மேனேஜர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "உங்களுக்குத்தான் மேடம் தேங்க்ஸ். வாணியம்பாடி யூனிட்டுல சூப்பர்வைசர் இல்லாம பேஜாரா இருந்துச்சு. அந்தம்மாவ ப்ரமோட் பண்ணி அனுப்பிட்டேன்."

இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இந்தப் பதிவே. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. என் ஒரு வார்த்தையால் ஒரு தையல்காரிக்குப் பதவி கிடைத்திருக்கிறது. டீ இடைவேளைக்குள் வெளியே போய் அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸ் வாங்கி வந்து, கேன்டீனில் அந்தப் பெண்கள் மேஜையில் திறந்து வைத்தேன். அவர்கள் நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன்.

யாரும் கை நீட்டவில்லை. வள்ளிதான் பேசினார். அவருக்கு நாற்பது வயதிருக்கும்.

"சனிக்கிழம மதியம் வரைக்கும் எங்க கூடத்தான் பேசினு இருந்தாங்க. இன்னிக்கி அங்க சேர் போட்டு உக்காந்துட்டாங்க. நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமதான் மேடம் இருந்துச்சி. அதுக்குள்ள யாரப் போய் பாத்தாங்களோ."

"அவங்க யாரையும் பார்க்கலை" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். கோமதி டீயைக் குடித்து முடித்து எழுந்தாள். மேனேஜரைப் பார்க்கப் போவீர்களா என்று கேட்டேன். "எதுக்கு? நாங்க பேசப் போறது அவருக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும்" என்றாள். பாக்ஸை அப்படியே மூடி எடுத்து வந்தேன்.

அன்று மாலை சத்துவாச்சாரி மாடியறையில் சுனந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. அந்தக் குழுவை ஆராய்ச்சியிலிருந்தே எடுத்துவிடுகிறேன் என்றார். கம்பெனி மூலமாகத் தான் உள்ளே வந்ததே தப்பு என்று பழியில் தன்னையும் சேர்த்துக்கொண்டார். அது என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னது. எனக்கு அது இன்னும் கேவலமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை இருவரும் மேனேஜரைப் பார்த்தோம். அந்த அம்மாவைப் பழைய இடத்திலேயே விட முடியுமா என்று கேட்டோம். "நல்லதுதானே நடந்திருக்கு மேடம். இப்ப கேன்சல் பண்ணா அவங்களுக்குத்தான் அசிங்கம்" என்றார். அதில் பொய்யில்லை. வேன்கள் ஊருக்குள் போகாமல் பல கிராமப் பெண்கள் கஷ்டப்படுகிறார்களாமே என்று சுனந்தா பொதுவாகச் சொல்லிப் பார்த்தார். "கம்ப்ளெயின்ட் யாரோடது? ஒரு பேர் சொல்லுங்க, கூப்ட்டு விசாரிக்கிறேன்." இந்தத் தடவை நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

மதியம் வாணியம்பாடி போனேன். ஆம்பூரிலிருந்து இருபது கிலோமீட்டர், பஸ்ஸில் அரை மணி நேரம். யூனிட் ஊருக்கு வெளியே இருக்கிறது, ஆட்டோவுக்கு 80 ரூபாய். ஐந்தே முக்காலுக்கு எஸ்தர் அக்கா கேட்டுக்கு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். எதிரே டீக்கடையில் நின்று, மேனேஜரிடம் சொன்னது நான்தான் என்றேன்.

டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "நான் வேணாம்னுதான் மேடம் சொன்னேன். ஏன் வேணாம்னு கேட்டாரு. அவளுங்கள உட்டு வர மாட்டேன்னா சொல்ல முடியும்? அதுக்கு வேற அர்த்தம் ஆய்டும். வேலையே போய்டும்."

"மன்னிச்சிடுங்க அக்கா."

"நீங்க நல்ல மனசுலதான் சொல்லியிருப்பீங்க. சம்பளம் ஜாஸ்திதான் ஆயிருக்கு." பிறகு, "கோமதி போன எடுக்க மாட்றா. வள்ளி நேத்து தெருவுல பாத்துட்டு முகத்த திருப்பிக்கிட்டா. இருபது வருசமா ஒண்ணா வந்தோம். எனக்கு ஒண்ணு செய்றீங்களா? நான் போய் கேட்டு வாங்கலன்னு அவளுங்ககிட்ட சொல்லுங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

புதன்கிழமை மாலை வேன் நிற்கிற இடத்தில் நெடுஞ்சாலை ஓரம் காத்திருந்தேன். ஏழே காலுக்கு வந்தது. இறங்கியவர்களை நிறுத்தி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். நான்தான் உளறினேன், எஸ்தர் அக்காவுக்கு எதுவும் தெரியாது, அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார் என்றேன். லாரிச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

வள்ளி சொன்னார்: "சனிக்கிழம மேனேஜர் ரூம்ல உக்காந்து பிரியாணி துன்னீங்க. கண்ணாடி ரூமு மேடம், நாங்க எல்லாரும் பாத்தோம். அந்தாளு கூட சேந்து துன்னவங்க வந்து அவங்க நல்லவங்கன்னு சொன்னா, நாங்க எப்படி நம்பறது?"

 என் சாட்சியால் எஸ்தர் அக்காவின் மேல் சந்தேகம் இன்னும் கூடியது என்றுதான் நினைக்கிறேன். எங்கள் இருவரையும் அவர்கள் சேர்த்துப் பார்த்துவிட்டார்கள். போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். முன்பு பதினெட்டுப் பேரும் சேர்ந்து நடப்பார்கள் என்று கோமதி சொல்லியிருந்தாள். அன்று இரண்டு இரண்டு பேராக, இடைவெளி விட்டுப் போனார்கள்.

சுனந்தாவின் துறையில் நான் புரிந்துகொண்ட அளவில், மதிப்பால் தலைவரானவரைச் சுற்றித்தான் மனிதர்கள் நன்றாகக் கூடி வேலை செய்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஆதிகாலக் கூட்டத்துக்கு மேலே மேனேஜர் கிடையாது. இன்றைக்கு அப்படி ஒருவர் இருப்பது மேலே தெரிந்துவிட்டால், அடிக்கக்கூட வேண்டாம், ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தால் போதும். அந்தப் பெண்கள் இதை அறிந்துதான் "எல்லாரும்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அதைப் பொய் என்று நினைத்து உண்மையைக் கண்டுபிடிக்கப் போனேன்.

இதை எழுதலாமா என்று எஸ்தர் அக்காவிடம் போனில் கேட்டேன். பேர் போடாமல் எழுதச் சொன்னார். யூனிட், கிராமம், ஆட்களின் அடையாளம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று தயவுசெய்து பின்னூட்டத்தில் ஊகிக்காதீர்கள்.

போகிறவர்களுக்கு: சென்னையிலிருந்து ஆம்பூருக்கே நேர் ரயில்கள் உண்டு, காட்பாடியில் இறங்க வேண்டியதில்லை. டிசம்பர், ஜனவரிதான் நல்ல பருவம். பிரியாணியைப் பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிடுங்கள், ஒரு மணிக்கு மேல் நல்ல கடைகளில் தீர்ந்துவிடும். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். தொழிற்சாலைக்குள் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டால் பார்த்துவிட்டு வாருங்கள், பார்த்ததை அங்கேயே யாரிடமும் சொல்லாதீர்கள்.

காரில் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. மாலை ஏழு மணிக்கு மேல் ஆம்பூருக்கும் மாதனூருக்கும் இடையே வேகத்தைக் குறையுங்கள். கம்பெனி வேன்கள் ஊருக்குள் போகாமல் சாலை ஓரத்திலேயே பெண்களை இறக்கிவிடுகின்றன. விளக்கு கிடையாது. இறங்கி நடக்கிறவர்களில் சிலருக்கு இந்த மாதம் வேன் ஊருக்குள் வந்திருக்கக்கூடும். நான் போயிருக்காவிட்டால்.